எச்சரிக்கை அட்டையும் டிக்கெட் வசூலும்: நகர இளைஞரைப் பற்றிய பரபரப்பு ஆவணப்படங்கள்

ஊர் கெட்டுப்போகிறது என்று சொல்லும் படம் ஊரைத் திருத்துகிறதா, மேலும் கெடுக்கிறதா, இல்லை, அவ்வளவாகக் கெடாத ஊரைக் கெட்டதாக நம்பவைக்கிறதா? சமூகவியலாளர், தணிக்கையாளர், நீதிபதி, திரைப்பட ஆய்வாளர் என்று பலரும் ஏறத்தாழ நூறாண்டுகளாக இதற்குப் பதில் சொல்லிவருகிறார்கள். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் குறைவு. ஒருவர் பார்வையாளரைப் பற்றிப் பேசுவார், மற்றவர் பத்திரிகையைப் பற்றி, இன்னொருவர் படமெடுத்தவரைப் பற்றி.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தை. நகரத்து இளைஞர் கூட்டம் ஒன்று திரையில் வரும். உடையிலோ இசையிலோ வண்டியிலோ போதையிலோ காதலிலோ அது பெற்றோர் வழியைவிட்டு விலகியிருக்கும். படத்தின் மேல் நடுவயது ஆண்குரல் ஒன்று வருத்தத்தோடு விளக்கம் சொல்லிக்கொண்டே வரும். வருத்தமெல்லாம் குரலில்தான். கேமரா அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் நிற்கும்.

சினிமாவுக்கு முன்பே

இந்த உத்தியைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. 1885 ஜூலையில் லண்டனின் 'பால் மால் கெஸட்' இதழில் டபிள்யூ.டி.ஸ்டெட், சிறுமிகள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதைத் தொடராக எழுதினார். தன் வாதத்தை நிரூபிக்க அவரே 13 வயதுச் சிறுமி ஒருத்தியை 'வாங்கி'க் காட்டினார். இதழை வாங்க அடிதடி. அதே ஆண்டில் பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. ஸ்டெட் கடத்தல் குற்றத்துக்காக மூன்று மாதம் சிறை சென்றார். பரபரப்பு எழுத்து பயனற்றது என்று எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் பதில் சொல்லவேண்டிய முதல் வழக்கு இதுதான். வியாபாரமும் நடந்தது, சீர்திருத்தமும் நடந்தது, ஒரு சிறுமி கருவியாகவும் பயன்படுத்தப்பட்டாள்.

1898 ஆகஸ்டு வங்கி விடுமுறைக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் பத்திரிகைகளில் 'ஹூலிகன்' என்ற சொல் பரவியது. அகன்ற கால்சட்டை, தடித்த இடைவார், ஒரே மாதிரித் தொப்பி என்று அந்தப் பையன்களின் உடுப்பை நிருபர்கள் தையல்காரர் அளவெடுப்பதுபோல வர்ணித்தார்கள். ஜெஃப்ரி பியர்சன் 1983இல் வெளியிட்ட 'ஹூலிகன்' என்ற நூலில் இந்தச் சரட்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தலைமுறையும் இருபது ஆண்டுக்கு முன் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்கிறது. அந்த இருபது ஆண்டுக்கு முன்னே போனால் அங்கேயும் இதே புலம்பல். வலுவான வாதம்தான். ஆனால் புலம்பல் பழையது என்பதால் புலம்பப்படும் பொருள் மாறவே இல்லை என்று ஆகிவிடாது. குடும்பமும் வேலையும் பாலுறவு பற்றிய எண்ணங்களும் உண்மையாகவே மாறியிருக்கின்றன. பியர்சனின் முறை அந்த மாற்றத்தை அளக்க அதிகம் உதவுவதில்லை.

திரை கெடுக்கிறது என்ற கட்சி

அமெரிக்காவில் 1929 முதல் 1932 வரை பெயின் நிதியத்தின் உதவியோடு, திரைப்படம் சிறுவர்களை என்ன செய்கிறது என்று பெரிய ஆய்வு வரிசை ஒன்று நடந்தது. சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர், இளைஞர்களையே தங்கள் சினிமா அனுபவத்தைத் தன்வரலாறாக எழுதச் சொல்லித் திரட்டினார். நடை, முத்தம், சிகரெட் பிடிக்கும் விதம் எல்லாம் திரையிலிருந்து கற்றதாகப் பலர் எழுதினார்கள். முடிவுகள் 1933 முதல் நூல்களாக வந்தன. அவற்றைப் பொதுமக்களுக்குச் சுருக்கிச் சொன்ன ஹென்றி ஜேம்ஸ் ஃபோர்மனின் நூல் ஆய்வாளர்களின் தயக்கங்களைக் கழற்றிவிட்டு அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934இல் இறுகியதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

அதே வரிசையில் பால் கிரெஸ்ஸி நியூயார்க் சிறுவர்களிடையே செய்த ஆய்வு அப்போது நூலாக வெளிவரவில்லை, 1996இல்தான் அச்சேறியது. வீடு, தெரு, வறுமை, நட்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் தனியே பிரித்துப் பழிபோட முடியாது என்பதே அவர் பார்வை. எச்சரிக்கும் நூலுக்குக் கிடைத்த அச்சு, நிதானமான நூலுக்கு அறுபது ஆண்டு கழித்துக் கிடைத்தது.

இறுகிய விதிகளுக்கு எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. எரிக் ஷேஃபர் 1999இல் வெளியிட்ட ஆய்வு அதை விரிவாகக் காட்டுகிறது. பெரிய ஸ்டுடியோக்கள் தொடக்கூடாத போதை, பால்வினை நோய், விபச்சாரம் எல்லாம் சில்லறைத் தயாரிப்பாளர்களின் தனிச் சந்தையாயின. அவர்களுடைய படங்கள் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை அட்டை வரும். சமூகத்தைப் பீடித்த தீமையை ஒழிக்கவே இப்படம், பெற்றோர் அனைவரும் பார்க்கவேண்டும் என்கிற தோரணையில். அட்டை போலீசுக்கு, பிறகு வருவது டிக்கெட் வாங்கியவருக்கு.

1936இல் வந்த 'ரீஃபர் மேட்னஸ்' இதற்கு எடுப்பான சான்று. அது ஆவணப்படமல்ல, ஆவணத் தோரணையில் எடுத்த கதைப்படம். 'உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்' என்ற பொருள்பட்ட தலைப்போடு கஞ்சா எச்சரிக்கையாகப் பிறந்தது. டுவைன் எஸ்பர் என்ற வியாபாரி வாங்கி வெட்டி ஒட்டிக் கவர்ச்சிப் படமாக ஓட்டினார். 1972இல் கஞ்சாச் சட்டத்தைத் திருத்தக் கோரிய அமைப்பின் நிறுவனர் ஒருவர் 297 டாலருக்கு ஒரு பிரதி வாங்கிக் கல்லூரிகளில் திரையிட்டார். மாணவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எந்தப் பழக்கத்தை ஒழிக்க எடுத்தார்களோ, அதை ஆதரிக்கும் இயக்கத்துக்கே படம் நிதி திரட்டிக் கொடுத்தது. திரை பார்வையாளரை இப்படித்தான் மாற்றும் என்று நேர்க்கோடு போடுகிற எவருக்கும் இந்த ஒரு பிரதி இடைஞ்சல்.

நாய் உலகம்

இந்த வகைக்குப் பெயர் சூட்டியது இத்தாலி. 1962இல் ஜகோபெத்தி, கவாரா, புரோஸ்பெரி மூவரும் எடுத்த 'மோண்டோ கானே', நாய்க் கூடத்துக்குள் ஒரு நாய் இழுத்துச் செல்லப்படுவதில் தொடங்குகிறது. தலைப்பின் பொருள் 'நாய் உலகம்', இத்தாலியில் சலிப்போடு சொல்லும் ஒரு வசவு. காண்பதெல்லாம் உண்மை என்று தொடக்கத்திலேயே உறுதி சொல்லிவிட்டு, பழங்குடிச் சடங்கு ஒன்று, ஐரோப்பிய நகரக் கேளிக்கை ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் காரணத் தொடர்பு கிடையாது. தொடர்பை உண்டாக்குவது படத்தொகுப்பின் ஒட்டு மட்டும்தான். சில காட்சிகள் ஏற்பாடு செய்து எடுத்தவை என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உண்டு. படத்தின் பாடலோ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

வசூலைப் பார்த்து லண்டனும் களத்தில் இறங்கியது. ஆர்னால்ட் மில்லர் இயக்க, ஸ்டான்லி லாங் கூட்டாளியாக, 'லண்டன் இன் தி ரா' 1964இலும் 'பிரிமிட்டிவ் லண்டன்' 1965இலும் வந்தன. இரண்டாவதில் மாட்ஸ், ராக்கர்ஸ், பீட்னிக் என்று உடையாலும் இசையாலும் குழுக்களாகப் பிரிந்த இளைஞர்கள் கேமரா முன் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு மோசமாக இல்லை. தயக்கமும் அலட்சியமும் கலந்த, அந்த வயதுக்கே உரிய பதில்கள். ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். ஆடை அவிழ்ப்பு விடுதி, நீராவிக் குளியலில் தொந்தி ஆண்கள், மனைவி மாற்றும் விருந்து, ஜாக் தி ரிப்பர் கொலையின் நடிப்பு வடிவம். முடி வளர்த்த பையன் வாயால் ஒரு தவறும் சொல்லவில்லை, அவனைக் கொண்டுபோய் வைத்த இடம் சொல்லிவிட்டது.

'பிரிமிட்டிவ்' என்ற சொல்லிலேயே இந்தப் படங்களின் குட்டு உடைகிறது என்பது என் கணிப்பு. காலனிகள் கைவிட்டுப்போன அந்தப் பத்தாண்டில், பழங்குடிகளைப் பார்த்த பயணப்படக் கண் ஊருக்குத் திரும்பி வந்து சொந்தப் பிள்ளைகளைப் பார்த்தது. உடை விவரிப்பு, சடங்கு விவரிப்பு, 'இவர்கள்' என்று தொலைவிலிருந்து பேசும் குரல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. லூயிஜி ஸ்காத்தினி 1968இல் சுவீடன் நாட்டு இளைஞரின் பாலியல் சுதந்திரத்தை 'சொர்க்கமும் நரகமும்' என்று இத்தாலியருக்குக் காட்டியதும் இதே கண்ணால்தான். அந்தப் படத்துக்காகப் பியரோ உமிலியானி அமைத்த விளையாட்டு மெட்டு ஒன்று பின்னால் மப்பெட் பொம்மைகள் வழியாக உலகக் குழந்தைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அது எங்கே பிறந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஒழுக்கத்துக்குக் கேடு ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

பீதியைத் தயாரித்தவர்கள்

திரை திருத்தும், திரை கெடுக்கும் என்ற இரண்டுக்கும் அப்பால், மூன்றாவது கட்சி கேள்வியையே திருப்பிப்போட்டது. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் இளைஞர்கள் கூடினார்கள். கடும் குளிர், செய்ய ஒன்றுமில்லை. கைகலப்பு, சில கண்ணாடிகள் உடைப்பு, கடற்கரைக் குடில்கள் சேதம். மொத்தச் சேதம் சுமார் 500 பவுண்டு. மறுநாள் பத்திரிகைகளில் ஓர் ஊரே சூறையாடப்பட்டிருந்தது. ஸ்டான்லி கோஹென் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்து 1972இல் 'ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ்' நூலை வெளியிட்டார். ஊரே சேர்ந்து அஞ்சுவதற்கென்று ஊர்ப் பிசாசு ஒன்று உருவாக்கப்படுகிறது, அதைச் சுற்றி ஒழுக்கப் பீதி வளர்கிறது, பீதியால் போலீசும் நீதிமன்றமும் கடுமையாகின்றன, அந்தக் கடுமை பிசாசை இன்னும் பெரிதாக்குகிறது என்பது அவர் விளக்கம்.

அந்த நூலில் வரும் சிறு சம்பவம் ஒன்று முழுக் கோட்பாட்டையும் தாங்கும். அந்த ஆண்டு மற்றொரு கடற்கரை ஊரான மார்கேட்டில், இதே போன்ற கலாட்டாவுக்காக நீதிமன்றம் 75 பவுண்டு அபராதம் விதித்த ஒரு பையன், காசோலையாகத் தருகிறேன் என்றான். 'பணக்கொழுப்பு' என்று நாடே கொதித்தது. உண்மையில் அவனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது, வாழ்நாளில் ஒரு காசோலையில் கையெழுத்திட்டதும் கிடையாது. வீராப்புக்குச் சொன்ன சொல். மூன்று நாளில் அவனே அதை ஒப்புக்கொண்டான். நான்கு ஆண்டுகள் கழித்தும் வசதி படைத்த இளைஞரின் திமிருக்கு அந்தக் காசோலை எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வந்தது.

கோஹெனுக்குப் பின் இந்தச் சொல் எல்லார் கைக்கும் வந்துவிட்டது, வலுவும் அங்கேதான் குறைந்தது. 1986இல் பி.ஏ.ஜே. வாடிங்டன் கேட்ட கேள்வி கூரானது. எதிர்வினை 'அளவுக்கு மீறியது' என்கிறீர்கள், சரியான அளவு எது என்று யார் முடிவுசெய்தார்? பிடிக்காத அச்சத்தைப் பீதி என்றும் பிடித்ததை விழிப்புணர்வு என்றும் அழைக்கும் வழக்கம் ஆய்வாளர்களிடமும் உண்டு. ஸ்டெட்டின் தொடரை எந்தப் பெட்டியில் போடுவது என்று இந்தக் கோட்பாட்டாளர்கள் தடுமாறுவது அதனால்தான்.

கண்ணாடி பிடித்தவர்கள்

மேற்சொன்ன மூன்று கட்சிகளிலும் இளைஞர்கள் பெரும்பாலும் சான்றாகவே வருகிறார்கள், பங்காளிகளாக அல்ல. சாரா தார்ன்டன் 1995இல் பிரிட்டனின் நடனக் கூடங்களை ஆராய்ந்து இதை உடைத்தார். துணைப்பண்பாடு தானாகப் பிறந்து ஊடகத்தால் பின்னர் கறைபடுகிறது என்பது கற்பனை, ஊடகம் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது என்றார். பெரிய பத்திரிகை கண்டிப்பதே அந்த இளைஞர்களுக்கு முத்திரை. 1988இல் ஆசிட் ஹவுஸ் இசை பரவியபோது 'தி சன்' நாளிதழ் முதலில் தன் வாசகருக்குச் சிரிப்பு முகச் சட்டைகளைக் கொடுத்தது, சில வாரங்களுக்குள் அதே இசையைப் போதை நரகம் என்றது. இரண்டுமே அந்த இசைக்கு விளம்பரமாயின.

சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் இது வேடிக்கையாகவே நடந்தது. 1967 ஏப்ரலில் ஒரு சுற்றுலா நிறுவனம் ஹிப்பிகளைக் காட்டப் பேருந்து விட்டது. வெளிநாட்டைப் பார்க்க உள்நாட்டிலேயே ஒரு பயணம் என்கிற பாணி விளம்பரம். ஹிப்பிகள் சிலர் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு பேருந்தோடு ஓடி, ஜன்னலோரம் பயணிகளின் முகத்தையே அவர்களுக்குக் காட்டினார்கள். அந்த ஆகஸ்டில் சிபிஎஸ் தொலைக்காட்சி ஹேரி ரீசனரின் கவலைக் குரலோடு 'தி ஹிப்பி டெம்ப்டேஷன்' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அக்டோபர் 6 அன்று அப்பகுதியினரே சவப்பெட்டி தூக்கி 'ஹிப்பி'க்கு இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். ஊடகம் பெற்ற பிள்ளை செத்துவிட்டது என்பது செய்தி. அந்த ஊர்வலத்தையும் ஊடகம் படமெடுத்தது.

தார்ன்டனின் பார்வை இளைஞருக்கு மூளையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் முத்திரையாகப் பயன்படுத்தக்கூடிய கண்டனம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கறுப்பு உடையும் மெட்டல் இசையும் விரும்பிய பதின்பருவப் பையனுக்கு அமெரிக்காவில் அது கிடைக்கவில்லை. 1988 அக்டோபரில் என்பிசி தொலைக்காட்சியில் ஹெரால்டோ ரிவேரா சாத்தான் வழிபாடு குறித்து நடத்திய நிகழ்ச்சி பெரும் பார்வையாளரை ஈர்த்தது. 1993இல் ஆர்கன்ஸாவின் வெஸ்ட் மெம்ஃபிஸில் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டபோது, மூன்று பதின்பருவத்தினர் மீது வழக்கு வந்தது. அவர்களில் ஒருவருடைய இசையும் உடையும் படித்த நூல்களும் நீதிமன்றத்தில் பேசப்பட்டன. 18 ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்டில் மூவரும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். வர உதவியவற்றுள் ஓர் ஆவணப்படமும் உண்டு: பெர்லிங்கரும் சினோஃப்ஸ்கியும் 1996இல் எடுத்த 'பாரடைஸ் லாஸ்ட்'. பீதியை வளர்த்ததும் ஆவணத் தோரணை, தணித்ததும் ஆவணப்படம். வகையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்கு இது போதும்.

யாருடைய முகம், யாருடைய பணம்

நல்லெண்ணத்தோடு எடுத்த படங்களும் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. ஜென்னி லிவிங்ஸ்டனின் 'பாரிஸ் இஸ் பர்னிங்' (1990) நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் திருநர், தற்பாலீர்ப்பு இளைஞர்களின் அலங்கார நடனப் போட்டிகளைப் பரிவோடு காட்டியது. சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. வெள்ளைக்கார இயக்குநர் தன் நிலைப்பாட்டைத் திரைக்கு வெளியே வைத்துவிட்டார், வலியைக் காட்சிப்பொருளாக்கினார் என்று விமர்சகர் பெல் ஹூக்ஸ் கடுமையாக எழுதினார். வசூல் சுமார் 40 லட்சம் டாலர். வழக்குப் பேச்சு எழுந்த பிறகு 13 கலைஞர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 55,000 டாலர். ஆவணப்படத்தில் பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுப்பது வழக்கமல்ல, கொடுத்தால் உண்மை கெடும் என்ற மறுப்பும் உண்டு. அந்த மறுப்பு நேர்மையானதுதான், ஆனால் அது எப்போதும் படமெடுத்தவருக்கே சாதகமாக முடிகிறது.

நம் பக்கம்

இந்தியாவில் இந்தக் கேள்வி முதலில் தணிக்கைக் கேள்வியாகவே வந்தது. கே.ஏ.அப்பாஸ் 1968இல் எடுத்த 'நான்கு நகரங்களின் கதை' என்ற குறும்படம் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டில்லி நகரங்களின் ஆடம்பரத்தையும் வறுமையையும் அருகருகே வைத்தது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளால் 'யு' சான்றிதழ் மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. நடுவிலேயே அரசு இறங்கிவந்து வெட்டில்லாமல் 'யு' தர ஒப்புக்கொண்டாலும், 1970 செப்டம்பர் 24 தீர்ப்பு முன்தணிக்கை செல்லும் என்றது. கூடவே, கலையையும் ஆபாசத்தையும் ஒரே தராசில் போடக்கூடாது என்றும் எச்சரித்தது. சுரண்டலைச் சாட எடுத்த படமும் சுரண்டிச் சம்பாதிக்க எடுத்த படமும் தணிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

தமிழ்நாட்டில் 'கலாசாரச் சீரழிவு' என்ற சொற்றொடர் எந்தப் பேட்டியையும் வழக்காக்க வல்லது. 2005இல் 'இந்தியா டுடே' பாலியல் கருத்துக்கணிப்பை ஒட்டித் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். உச்சநீதிமன்றம் 2010 ஏப்ரல் 28 அன்று அவற்றை ரத்து செய்தது. விசாரணையின்போது நீதிபதிகள், இந்தப் பேட்டியால் எத்தனை வீடுகள் பாதிக்கப்பட்டன என்று கேட்டதாகச் செய்திகள் வந்தன. பெயின் நிதியத்தின் ஆய்வாளர்கள் எதிர்கொண்ட அதே கேள்வி. புகார் கொடுத்தவர்கள் தரப்பில் கையில் எண்ணிக்கை இல்லை.

சென்னையின் 'ரூட்டு தல' மாணவர்கள் நிலை வேறு. கல்லூரிக்குப் போகும் பேருந்துத் தடமே குழு, தடத்துக்கு ஒரு 'தல', கானாவும் கூரைத் தாளமும், சில நேரம் பட்டாக்கத்தியும். 2019 ஜூனில் அவர்கள் 'பஸ் டே' கொண்டாடிய அன்று பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் மொத்தமாகச் சரிந்து சாலையில் விழும் சில நொடித் துணுக்கு, செய்தி அலைவரிசைகளில் திரும்பத் திரும்ப ஓடியது. ஆபத்து உண்மை, வெட்டுக்காயங்களும் உண்மை. ஆனால் அந்தத் துணுக்குக்கு முன்னும் பின்னும் இல்லை. அந்த மாணவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், வீட்டில் அவர்களுக்கு முன் கல்லூரி போனவர் உண்டா, அந்தப் பேருந்து அவர்களுக்கு ஏன் சொந்த இடமாயிற்று என்று கேட்க நேரமில்லை. லண்டன் படங்களில் ஒட்டு செய்த வேலையை இங்கே சுழற்சி செய்கிறது. எடுத்தவர் நிருபர்கூட அல்ல, கூட்டத்தில் கைபேசி வைத்திருந்த யாரோ. வீடியோ பரவுவதில் தடத்துக்கும் பெருமை உண்டு என்றால் தார்ன்டன் வியந்திருக்கமாட்டார்.

எது இன்னும் தீரவில்லை

படம் பார்த்து இளைஞர் கெடுகிறார்கள் என்பதற்கான சான்று 1933இலும் மெலிவு, இன்றும் பெரிதாகத் தடித்துவிடவில்லை. அதற்காக விளைவே இல்லை என்று சொல்லவும் சான்று போதாது. பீதிக் கோட்பாடு பத்திரிகைகளின் மிகையைப் பிடிப்பதில் தேர்ந்தது, உண்மையான தீங்கை அடையாளம் காண்பதில் தடுமாறுவது. இளைஞர்களும் பங்காளிகள் என்ற பார்வை அவர்களுக்கிடையே உள்ள வர்க்க, இன, சாதி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தால்தான் முழுமை பெறும். கைபேசி யுகத்தில் படமெடுப்பவர், படத்தில் இருப்பவர், பார்ப்பவர் மூவரும் ஒரே ஆளாகும்போது இந்தக் கோட்பாடுகளில் எது மிஞ்சும் என்று சொல்வது கடினம்.

மிகக் குறைவாக ஆராயப்பட்டது, படமெடுக்கப்பட்டவரின் பிற்கால வாழ்க்கை. 'பிரிமிட்டிவ் லண்டன்' 2009இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தால் மீட்கப்பட்டு வட்டாக வந்தது. ஒருகாலக் குப்பை, இன்று அந்தத் தெருக்களின் அரிய வண்ணப் பதிவு. அதில் பேசிய பையன்கள் அப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். 1965இல் அவர்கள் தந்த சம்மதம், அப்படி ஒன்று இருந்தால், இந்தப் பார்வையாளருக்கும் சேர்த்துத் தந்ததா என்பதற்கு ஆவணப்பட அறநெறி நூல்களில் ஒத்த கருத்து இல்லை.

நீண்ட தொடர்ச்சியோடு கிடைக்கும் சான்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தெருச் சிறுவர்களைப் பற்றி மார்ட்டின் பெல் 1984இல் எடுத்த 'ஸ்ட்ரீட்வைஸ்' அவற்றில் ஒன்று. அதில் 'டைனி' என்ற பதின்பருவச் சிறுமி, வைரமும் நகையும் குதிரைகளும் உள்ள வாழ்க்கை வேண்டும் என்கிறாள். பெல்லும் புகைப்படக் கலைஞர் மேரி எல்லன் மார்க்கும் அவளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் படமெடுத்தார்கள். 2016இல் வெளிவந்த அடுத்த படத்தில் அவள் நாற்பதைத் தாண்டியவள், பத்துப் பிள்ளைகளின் தாய். மார்க்கோடு உட்கார்ந்து பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிறாள். முதல் படம் அவளுக்கு நல்லது செய்ததா என்பதை அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.